தண்டம் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவர்கள்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் என்னை அழைத்தார்கள். 'கவிதை அடுத்த முறை ஆகட்டும், இந்த முறை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி மேல போட்ட வழக்கைப் பத்திப் பேசுறேன்' என்று சொன்னதும், ஏற்பாடு செய்த தோழர் 'அதுக்கும் நமக்கும் என்ன தோழர் சம்பந்தம்?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் சேரிகளில் தண்டம் என்றால் என்ன? ஊர்க்கூட்டம் நமக்குப் போடுவது. மேலத்தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் தண்டம். பறையடிக்க வரமாட்டேன் என்றால் தண்டம். பையனும் பொண்ணும் சாதி மாறி விரும்பிவிட்டால் சேரிக்கே தண்டம். கட்டாவிட்டால் கடையில் சாமான் கிடையாது, காட்டில் வேலை கிடையாது. தண்டம் என்பது மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குப் போடுவது என்றே நம் சனங்களுக்குத் தெரியும்.

சரி, ஊரிலேயே பெரிய வீட்டுக்காரனுக்கு யாராவது தண்டம் போட்டால் என்ன ஆகும்? அவன் திருந்துவானா? பறித்ததைத் திருப்பித் தருவானா? இதற்கு உலகமே பார்க்க ஒரு சோதனை நடந்திருக்கிறது. உலகத்தின் பெரிய மென்பொருள் நிறுவனமான மைக்ரோசாஃப்டுக்கு ஐரோப்பிய ஆணையம் 2004 முதல் 2013 வரை நான்கு முறை அபராதம் போட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் ஏகபோகமும் சாதியும் ஒன்றல்ல. விண்டோஸ் வாங்காதவன் குடிசையை எவனும் கொளுத்தவில்லை. இரண்டையும் சமமாக்கிப் பேசினால் நம் பிணங்களை நாமே அவமதித்தவர்களாவோம். ஆனால் அதிகாரம் எப்படிப் பூட்டுப் போடுகிறது, திறக்கச் சொன்னால் என்னென்ன ஆட்டம் ஆடுகிறது என்பதைப் படித்துக்கொள்ள நமக்கு எல்லா இடமும் பள்ளிக்கூடம்தான்.

முதலில் பூட்டு. கணிப்பொறியைத் திறந்ததும் அடியில் ஓடுகிற அடிப்படை மென்பொருள் விண்டோஸ். 1990களின் கடைசியில் இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அதுதான் என்று அமெரிக்க நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. ஏன் எல்லோரும் அதையே வாங்கினார்கள்? ஏனென்றால் எல்லா வேலைக்குமான மென்பொருள்கள் அதற்குத்தான் எழுதப்பட்டன. ஏன் அதற்கே எழுதினார்கள்? ஏனென்றால் எல்லோரும் அதையே வைத்திருந்தார்கள். ஒரே ஒரு சந்தை இருக்கிற ஊர் மாதிரி. விற்கிறவன் இருக்கிறான்னு வாங்குறவன் போறான், வாங்குறவன் இருக்கிறான்னு விற்கிறவன் போறான். சந்தைத் திடல் யாருடையதோ அவன் வச்சதுதான் சட்டம்.

திடல் பெரிதாக இருப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அந்தத் திடலைக் காட்டி அடுத்தவன் பிழைப்பைக் கெடுப்பதுதான் குற்றம். அமெரிக்காவில் இதற்கு 1890லேயே ஷெர்மன் சட்டம் வந்துவிட்டது. அதைக் கொண்டு 1911இல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 34 துண்டாக உடைத்தார்கள். அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரம் படிக்கப் போய் இறங்கியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1913இல்.

அதே சட்டத்தின் கீழ் 1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டன. இணையத்தைப் பார்க்க உதவும் பிரவுசரில் அன்றைக்கு நெட்ஸ்கேப் முன்னணியில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு கட்டி இலவசமாகக் கொடுத்தது. கணிப்பொறி தயாரிப்பவர்களையும் நெட்ஸ்கேப் பக்கம் போகாதபடி ஒப்பந்தங்களால் நெருக்கியது. 2000 ஜூன் 7 அன்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் தீர்ப்புச் சொன்னார்: நிறுவனத்தை இரண்டாக உடை. உலகமே வாய் பிளந்தது.

ஒரே ஆண்டு. 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உடைக்கச் சொன்ன உத்தரவை ரத்து செய்தது. வழக்கு நடக்கும்போதே நீதிபதி பத்திரிகைக்காரர்களிடம் பேசினார் என்பது ஒரு காரணம். ஆனால் அதே நீதிமன்றம், சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது உண்மைதான் என்ற முடிவை உறுதி செய்தது. கவனியுங்கள், குற்றம் நிற்கிறது, தண்டனை மட்டும் விழுந்துவிட்டது. இதற்குள் ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசு உடைக்கக் கேட்கப்போவதில்லை என்று அறிவித்து, 2001 நவம்பரில் சமரச ஒப்பந்தத்துக்கு வந்தது. அந்த வழக்கில் அபராதம் என்று ஒரு டாலர் கிடையாது. சில நடத்தை விதிகளும் கண்காணிப்பும்தான், அவையும் 2011 மே மாதம் முடிந்தன. நெட்ஸ்கேப்போ, விசாரணை நடந்துகொண்டிருந்த 1998 நவம்பரிலேயே தன்னை ஏ.ஓ.எல். நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டுவிட்டது. தீர்ப்பு வரும்போது பாதிக்கப்பட்டவன் உயிரோடு இருப்பதில்லை. இது நமக்குப் புதுசா தோழர்களே?

இனி ஐரோப்பா. அங்கே பிரச்சினை வேறு. ஓர் அலுவலகத்தில் ஐம்பது கணிப்பொறி இருக்கிறது என்று வையுங்கள். கோப்புகளை ஒரே இடத்தில் வைக்க, அச்சுப்பொறியைப் பகிர்ந்துகொள்ள, யார் எதைத் திறக்கலாம் என்று பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு சர்வர் இருக்கும். கணிப்பொறியும் சர்வரும் தங்களுக்குள் ஒரு மொழியில் பேசிக்கொள்ளும். விண்டோஸ் கணிப்பொறிகள் பேசிய மொழியின் இலக்கணம் மைக்ரோசாஃப்டுக்கு மட்டுமே முழுசாகத் தெரியும். சர்வர் செய்து விற்ற சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1998 செப்டம்பரில் அந்த இலக்கணத்தைக் கேட்டுக் கடிதம் எழுதியது. கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது.

வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். படிக்கிறதுக்கு இல்ல, கேட்டதுக்கே! அறிவைப் பூட்டி வைத்து ஆளுவது எப்படி என்று நமக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பூட்டியவன் சொன்ன காரணத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 'இது எங்கள் அறிவுச் சொத்து.' இந்தச் சொத்து வாதத்துக்குப் பிறகு வருகிறேன்.

2004 மார்ச் 24 அன்று ஆணையம் முடிவு சொன்னது. மூன்று தண்டனை. ஒன்று, 49 கோடியே 72 லட்சம் யூரோ அபராதம். இரண்டு, பாட்டும் படமும் ஓட்டுகிற மீடியா பிளேயரை நீக்கிய விண்டோஸ் ஒன்றையும் விற்க வேண்டும். மூன்று, சர்வரோடு பேசும் மொழியின் இலக்கணத்தை 120 நாளுக்குள் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் என்ன கதி ஆனது என்பதுதான் நம் பாடம்.

முதலில் பணம். பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது அதுதான். அன்றைய மதிப்பில் சுமார் 60 கோடி டாலர். அதே 2004இல் அந்த நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குப் பங்குக்கு 3 டாலர் வீதம் சிறப்பு ஈவுத்தொகை கொடுத்தது. மொத்தம் சுமார் 3200 கோடி டாலர். அதாவது அந்த ஆண்டு சொந்தக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததில் ஐம்பதில் ஒரு பங்குதான் அபராதம்.

நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். தண்டம் பிடிப்பது எங்கள் கவுன்ட்டரிலும் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுவேலை செய்கிற ஓர் அம்மா பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிப் பார்த்துவிட்டு, 'தம்பி, எம் பணத்துல கைய வச்சது யாரு?' என்று கேட்டார். கணக்கில் இருந்தது 340 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று 118 ரூபாய் பிடித்திருந்தோம். 100 அபராதம், 18 வரி. 'ரூல்ஸ்ம்மா' என்றேன். 'பணம் இல்லன்னுதான பிடிக்கிறீங்க, இருந்தா ஏன் தம்பி பிடிக்கப்போறீங்க' என்றார். பதில் இல்லை என்னிடம். அந்த அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போனது. அவர் அடுத்த நாளே வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்டம் அவரை வங்கியை விட்டே விரட்டியது. உலகின் பெரிய கம்பெனிக்கோ அது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். இல்லாதவனுக்குத் தண்டம் தண்டனை. இருப்பவனுக்குத் தண்டம் விலை. கொடுத்தால் தொடர்ந்து செய்யலாம் என்கிற விலை.

அந்தப் பணம் யாருக்குப் போகும் என்றும் கேட்க வேண்டும். பிழைப்பிழந்த நிறுவனத்துக்கோ வேலை இழந்தவனுக்கோ அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரவுக்குப் போய்ச் சேரும். உறுப்பு நாடுகள் கட்ட வேண்டிய பங்கில் அந்த அளவு குறையும். அடிபட்டவன் ஒருத்தன், தண்டத்தை வாங்கிக்கொள்பவன் வேறொருத்தன்.

இரண்டாவது தண்டனை, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ். அதை மைக்ரோசாஃப்ட் செய்தது. 'விண்டோஸ் எக்ஸ்பி என்' என்று பெயர். பிளேயர் இருக்கிற விண்டோஸ் என்ன விலையோ இதுவும் அதே விலை! ஒரு பொருள் குறைவாக, விலை மட்டும் அதேன்னா எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்? கிட்டத்தட்ட எவரும் வாங்கவில்லை. உத்தரவு நிறைவேறியது, ஒன்றும் மாறவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1996இல் தலித் தலைவர் பதவி என்று சட்டம் ஒதுக்கியது. ஒன்று, வேட்புமனுவே இல்லை. இல்லையென்றால் ஜெயித்த அன்றே ராஜினாமா. 2006 வரைக்கும் அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்கார முடியவில்லை. காகிதத்தில் கதவு திறந்தே இருந்தது.

மூன்றாவது தண்டனைதான் மெய்யான சண்டை. 'இலக்கணத்தைக் கொடு' என்ற உத்தரவு. இதில் காட்டிய ஆட்டத்தைப் பாருங்கள். 2004 டிசம்பரில் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்த பிறகும் இழுத்தடித்தார்கள். கொடுத்த ஆவணங்களை வைத்துக்கொண்டு எந்த நிரலாளனாலும் வேலை செய்ய முடியாது என்று கண்காணிப்புக்கு அமர்த்தப்பட்ட வல்லுநர் சொன்னார். 2006 ஜனவரியில் 'எங்கள் மூல நிரலையே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பெரிய மனசு காட்டினார்கள். அதில்தான் சூது. அடுத்தவன் மூல நிரலைப் பார்த்தவன் பிறகு சொந்தமாக எழுதினாலும் 'எங்களைப் பார்த்து எழுதிவிட்டான்' என்று வழக்குப் போடலாம். இலக்கணம் கேட்டவனுக்கு, தொட்டால் தீட்டாகிற ஏட்டைக் காட்டுகிறார்கள்.

இங்கேதான் ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. மொத்தமாக அபராதம் போடுவதை விட்டு, கீழ்ப்படியாத ஒவ்வொரு நாளுக்கும் கணக்குப் போட்டது. 2005 டிசம்பர் 16 முதல் 2006 ஜூன் 20 வரை, நாளொன்றுக்கு 15 லட்சம் யூரோ வீதம், 28 கோடியே 5 லட்சம் யூரோ. முடிந்துபோன குற்றத்துக்கான தண்டம் பெரியவனுக்கு வலிக்காது. இன்றைக்கும் கதவை மூடி வைத்திருப்பதற்கு இன்றைக்கே தண்டம், நாளைக்கும் மூடினால் நாளைக்கும் என்றால் அது குடையத் தொடங்கும்.

சரி, இந்த நேரத்தில் புகார் கொடுத்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒவ்வொருத்தராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். சன் நிறுவனம், முதல் புகார்தாரர், தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 2004 ஏப்ரலில், 195 கோடி டாலருக்குச் சமரசம். நாவெல் நிறுவனம் 2004 நவம்பரில் 53 கோடியே 60 லட்சம் டாலருக்கு. கூடவே கணிப்பொறித் தொழில் சங்கம் ஒன்றும் விலகியது. ரியல்நெட்வொர்க்ஸ் 2005 அக்டோபரில், பணமும் ஒப்பந்தங்களுமாக 76 கோடி டாலருக்கு. வன்கொடுமை வழக்கில் 'ராசியாப் போயிடுங்கப்பா, ஊர்ல ஒண்ணுமண்ணா இருக்கணும்ல' என்று பெரிய மனிதர்கள் வருவார்களே, அதுதான். நம் ஆட்களை மிரட்டி ராசியாக்குகிறார்கள், இவர்களை விலை கொடுத்து ராசியாக்கினார்கள். சாட்சி பிறழ்ந்தால் வழக்கு என்னவாகும் என்று இங்கே இருக்கிற வழக்கறிஞர் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சிலர் போகவில்லை. பெரிய நிறுவனங்களின் சங்கம் ஒன்றும் ஆணையத்தின் பக்கம் நின்றது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் நான் சொல்ல வந்தது 'சாம்பா' என்கிற சின்னக் கூட்டத்தையும், அதோடு நின்ற ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையையும் பற்றி.

ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-92 வாக்கில் ஒரு காரியம் செய்தார். இலக்கணம் கிடைக்காத அந்த மொழியை, கம்பியில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டார். மொழி தெரியாத ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து யார் என்ன கேட்டால் என்ன வருகிறது என்று கவனித்துக் கற்றுக்கொள்கிற மாதிரி. பல ஊர்களில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். அதுதான் சாம்பா. விண்டோஸ் கணிப்பொறிகளோடு பேசத் தெரிந்த கட்டற்ற மென்பொருள். எவரும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். நம்மூருக்கும் இதில் தொடர்பு உண்டு. 2006-07 வாக்கில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தை நடத்திய சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கிருந்த கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றினார். ஓர் அலுவலகத்தில் பாதி லினக்ஸ், பாதி விண்டோஸ் என்று இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் சாம்பாதான் நிற்கும். கதவு எங்கோ ஐரோப்பாவில் மூடியிருந்தாலும் தட்டுகிற கை எல்லா ஊரிலும் இருந்தது.

சாம்பாக்காரர்களை ஏன் விலைக்கு வாங்க முடியவில்லை? அவர்கள் மகாத்மாக்கள் என்பதாலா? அதை நான் நம்பமாட்டேன். விற்பதற்கு அவர்களிடம் கம்பெனி இல்லை, பங்கு இல்லை. எழுதியதெல்லாம் ஏற்கெனவே எல்லோருக்கும் சொந்தம். பொதுச்சொத்தை எவனிடம் விலை பேசுவது? 2006 ஏப்ரலில் லக்சம்பர்க்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் டிரிட்ஜெலே நின்று, இந்த இலக்கணம் ஏன் வேண்டும், இதைக் கொடுப்பதால் மைக்ரோசாஃப்டின் நிரல் களவு போகாது என்று விளக்கினார். 2007 செப்டம்பர் 17 அன்று அந்த நீதிமன்றம் அபராதத்தையும் முக்கிய உத்தரவுகளையும் உறுதி செய்தது. புகார் கொடுத்து ஒன்பது ஆண்டுகள்.

இன்னும் ஒரு தடை பாக்கி. 'கொடுக்கிறோம், ஆனால் காசு கொடு' என்றார்கள். அந்த இலக்கணத்துக்கு, வாங்குபவரின் பொருள் விற்பனையில் 2.98 விழுக்காடு; காப்புரிமைக்கும் சேர்த்து வேண்டுமானால் 3.87. இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கு விற்பனையில் பங்கு என்றால் எதில் கொடுப்பது? எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த விதி ஒருத்தனை மட்டும் வெளியே நிறுத்துகிறது. பொதுவிதி மாதிரி எழுதிச் சேரியை மட்டும் விலக்குகிற வித்தையை நாம் பார்த்ததில்லையா? கடைசியில் 2007 அக்டோபரில் இறங்கி வந்தார்கள். ஒரே தடவை 10,000 யூரோ. அந்த டிசம்பரில் சாம்பா சார்பில் ஓர் அறக்கட்டளை அந்தப் பணத்தைக் கட்டி ஆவணங்களை வாங்கியது. ஆவணத்தை வெளியிடக்கூடாது, ஆனால் அதைப் படித்து எழுதும் நிரலை வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். 2008 பிப்ரவரியில் சுமார் 30,000 பக்க ஆவணங்களை எவரும் படிக்கும்படி மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. அதுவரை அநியாய விலை கேட்டதற்காக, அதே மாதம் ஆணையம் மேலும் 89 கோடியே 90 லட்சம் யூரோ அபராதம் போட்டது. 2012இல் நீதிமன்றம் அதை 86 கோடியாகக் குறைத்தது. அந்த 2012 டிசம்பரில், ஆவணங்களின் துணையோடு எழுதப்பட்ட சாம்பாவின் நான்காம் பதிப்பு வந்தது. அதுவரை விண்டோஸ் சர்வர் மட்டுமே செய்த காரியங்களை அது செய்தது.

நான்காவது அபராதத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரவுசரை மக்களே தேர்ந்தெடுக்கும்படி ஒரு திரை காட்டுவோம் என்று 2009 டிசம்பரில் வாக்குக் கொடுத்தார்கள். 2011 மே முதல் 2012 ஜூலை வரை, சுமார் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அந்தத் திரை வரவே இல்லை. தொழில்நுட்பத் தவறு என்றார்கள். பதினான்கு மாதம் நீடித்த தவறு! 2013 மார்ச்சில் 56 கோடியே 10 லட்சம் யூரோ. ஆக நான்கு முறை, சுமார் 220 கோடி யூரோ. இவ்வளவும் கட்டிய பிறகு அந்த நிறுவனம் ஏழையாகிவிடவில்லை, இன்றும் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. ஆனால் அந்த 30,000 பக்கம்? அதை அவர்களால் திரும்பப் பூட்ட முடியவில்லை.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான் தோழர்களே. பணம் வந்தது, போனது. கதவு திறந்தது மட்டும்தான் மிஞ்சியது.

சொத்து வாதத்துக்கு வருகிறேன் என்றேன். 1923இல் பம்பாய் சட்டமன்றம், எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் தன் பங்குக்குத் தீர்மானம் போட்டது. சவதார் குளத்தில் ஒரு சொட்டு நம்மவர் வாயில் படவில்லை. 'எக்ஸ்பி என்' மாதிரி, காகிதத்தில் திறந்த குளம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அள்ளிக் குடித்தார். அடித்தார்கள். பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பிறகு நீதிமன்றம் போனார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? 'இந்தக் குளம் எங்கள் தனிச்சொத்து.' பத்தாண்டு கழித்து, 1937 மார்ச்சில், பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அந்தப் பத்தாண்டில் அடித்தவனிடம் தண்டம் வாங்கிக்கொண்டு நம்மவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் குளம் இன்னும் அவர்களுடையதுதான்.

இது நம் நாட்டுச் சட்டத்திலும் நடக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்துச் சில உத்தரவுகளையும் போட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே உறுதி செய்தது. உத்தரவுகளில் நான்கை நீக்கிவிட்டது. அதில் ஒன்று, போனில் முன்கூட்டியே ஏற்றிவரும் கூகுள் செயலிகளை நாமே நீக்க அனுமதிக்க வேண்டும் என்பது. தலைப்புச் செய்தி எது? '1337 கோடி அபராதம் உறுதி.' விட்டுக்கொடுத்தது எது? கதவு. செய்தித்தாள் படிக்கும்போது தொகையைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே என்ன உத்தரவு என்று பாருங்கள்.

மாணவ நண்பர்களுக்குச் சொல்கிறேன். நாளைக்கு ஒரு வன்கொடுமை நடக்கும். அரசு நிவாரணத் தொகை அறிவிக்கும். வாங்குங்கள், அது பிச்சையல்ல, சட்டம் தருவது, அடுப்பெரிய வேண்டும். ஆனால் தொகை அறிவித்ததும் கூட்டத்தைக் கலைத்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கதவு திறக்கும், எத்தனை நாளில்? திறந்ததா இல்லையா என்று பார்க்கப்போகிறவன் யார், ஊர்க்காரனா, வெளியாளா? திறக்காத ஒவ்வொரு நாளுக்கும் என்ன தண்டனை? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தீர்ப்பு, தீர்ப்பல்ல, ரசீது.

இன்னொன்று. இறுதிவரை நின்றவர்கள் விலை பேச முடியாதவர்களாக இருந்தார்கள் என்றேன். நம் இயக்கத்தையும் அப்படித்தான் கட்ட வேண்டும். ஒரு தலைவர் கையெழுத்துப் போட்டால் ராசியாகிவிடும் என்கிற மாதிரி வழக்கை வைக்காதீர்கள். விவரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், ஆவணம் பத்துப் பேர் கையில் இருக்கட்டும், பேசத் தெரிந்தவர் பத்துப் பேர் இருக்கட்டும். நம் பிள்ளைகள் கணிப்பொறி படிக்கப் போகிறார்கள், சந்தோஷம். வேலைக்குப் போங்கள், சம்பளம் வாங்குங்கள். ஆனால் பூட்டிய மொழியைக் காது கொடுத்துக் கேட்டுக் கற்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த அந்த மாணவனையும் ஞாபகம் வையுங்கள். நம் பாட்டன் காதில் ஈயம் ஊற்றச் சொன்னவர்கள் பயந்தது அந்தக் காதுக்குத்தான்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஏற்பாட்டுத் தோழர் மறுபடி கேட்டால், சம்பந்தம் இதுதான் என்று சொல்வேன்: தண்டம் கட்டியவன் திருந்தியதாகக் கதை இல்லை, கதவை விடாமல் தட்டியவன் உள்ளே போனதாகக் கதை இருக்கிறது.

ஜெய் பீம்.